அழுத்தாத விரல்

டாக்டர் குமரகுருபரனின் பல் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்றைக்கு அதில் முதலில் கை வைத்தவள் அதை இயக்கச் சேர்ந்த கனி அல்ல. டாக்டரின் அம்மா பிரம்மநாயகி ஆச்சிதான் வைத்தாள். மானிட்டர் கண்ணாடியின் வலது மூலையில் சந்தனத்தைத் தொட்டு, அதன்மேல் குங்குமத்தை அப்பி, "நல்லா இரி" என்று பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோலச் சொன்னாள். பொட்டு அங்கேயே காய்ந்து ஒட்டிக்கொண்டது. திரையில் யாருடைய தாடையைப் போட்டாலும் இடது கடைவாய்ப் பக்கம் ஒரு சிவப்புத் திட்டு கிடக்கும். ஸ்கேன் படத்தில் நமக்கு வலது என்றால் நோயாளிக்கு இடது. துடை என்று டாக்டர் சொல்லவில்லை. கேட்காமல் துடைத்தால் என்ன ஆகும் என்று கனிக்குத் தெரியும்.

கனி பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். ராதாபுரத்துக்குத் தெற்கே, பனை நிழலைத் தவிர வேறு நிழல் இல்லாத ஊரிலிருந்து வந்தவள். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசல் மிதித்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று ஆச்சி மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்து அவளைப் பார்த்தாள்.

"எந்த ஊரும்மா?"

"ராதாபுரம் பக்கம்."

"பக்கம்னா? ஊருக்குள்ளயா, தெக்குத் தெருவா?"

மூன்று வருஷம் படித்து வாங்கிய பட்டம் அந்த ஒரு கேள்வியில் தெருவுக்குள் போய் நின்றது. கனி உள்ளதைச் சொன்னாள். பொய் சொல்லியிருக்கலாம். அவளோடு படித்த எத்தனையோ பேர் சொன்னார்கள். ஆச்சி "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினாள். மறுநாள் மாடியிலிருந்து காப்பி இறங்கும்போது டாக்டருக்கு எவர்சில்வர் டம்ளர், கனிக்கு பிளாஸ்டிக் கப்.

"குடிச்சிட்டு அங்கனயே குப்பைக்கூடையில போட்டுரு" என்றாள் சமையல்காரி அன்னத்தாய். "கழுவுத வேலை உனக்கு மிச்சம்லா."

டாக்டர் நல்லவர். அதைச் சொல்லாவிட்டால் பாவம். "பல்லுக்கு ஏது கனி சாதி? எல்லாருக்கும் முப்பத்திரெண்டுதான்" என்பார். மனசார நம்பித்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தையை அவர் ஒருநாளும் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனதில்லை. அது ஆஸ்பத்திரி வாசலில் ஓடும் வண்ணார்பேட்டை ரோட்டு மட்டத்தோடு நின்றுவிடும்.

அவர் வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்த வித்தை உண்மையிலேயே பெரிய வித்தை. அதில் கனிக்குச் சந்தேகம் கிடையாது. அதற்கு முன்பெல்லாம் விழுந்த பல்லுக்குப் பதில் எலும்பில் திருகு வைத்து நிரந்தரப் பல் கட்டவேண்டும் என்றால் ஈறைக் கிழித்து, இரண்டு பக்கமும் விலக்கி, எலும்பைக் கண்ணால் பார்த்து, கை சொல்கிற திசையில் துளை போடவேண்டும். கீழ்த்தாடைக்கு உள்ளே ஒரு நரம்பு ஓடுகிறது. தட்டையான எக்ஸ்ரேயில் அது எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம் ஒதுங்கி ஓடுகிறது என்று சரியாகத் தெரியாது. துளை போடும் ஊசி அதில் பட்டால் பாதி உதடும் முகவாயும் செத்துப்போகும். ஆயுசுக்கும்.

புது வித்தையில் முதலில் வாயை அச்செடுத்து ரோஸ் நிறத்தில் ஒரு தட்டு செய்வார்கள். முன்பற்களில் மாட்டிக்கொண்டு, பின்னால் பல் இல்லாத ஈறின்மேல் படிகிற தட்டு. அதை வாயில் வைத்துக்கொண்டே ஸ்கேன் எடுக்கவேண்டும். படங்கள் கனியின் கம்ப்யூட்டருக்கு வரும். அவள் ஒவ்வொரு வெட்டிலும் நரம்பைத் தேடிப் பிடித்துச் சிவப்புப் பூசுவாள். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து திரையிலேயே திருகை இறக்குவார். சாய்ப்பார், ஏற்றுவார், வேண்டாம் என்று அழிப்பார், மறுபடி இறக்குவார். அத்தனை தப்பையும் திரையில் செய்து தீர்த்துவிட்டு, கடைசியில் அதே சாய்வில் அதே தட்டில் துளையிட்டு இரும்புக் குழல் பதிப்பார்கள். ஆபரேஷன் அன்று அந்தத் தட்டை வாயில் மாட்டினால் ஊசி குழல் வழியாகத்தான் போகமுடியும். கிழிசல் இல்லை, தையல் இல்லை, வீக்கம் பேருக்கு.

முதல் நோயாளி பாளையங்கோட்டை சாலோமி டீச்சர். சர்க்கரைக்காரி. கத்தி வைத்தால் ஆறாது என்று இரண்டு டாக்டர்கள் கைவிட்டிருந்தார்கள். ஹைகிரவுண்ட் பக்கம் இருந்த ஸ்கேன் சென்டருக்கு அவளைக் கனிதான் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே டெக்னீஷியன் முத்துமாலை. கையுறையை மாட்டிக்கொண்டு டீச்சரின் வாய்க்குள் இரண்டு கட்டைவிரலையும் விட்டு, தட்டைப் பின்பக்கம் வைத்து அழுத்தினான். டக் என்று ஒரு சத்தம். "அவ்வளவுதான் டீச்சர். இப்படியே கடிச்சுக்கிடுங்க. விட்டுறாதிய." பிறகு கனியிடம் திரும்பி, "இந்த சத்தம் கேட்டாத்தான் தங்கச்சி தட்டு உக்காந்துருக்குன்னு அர்த்தம். ஈறு மெத்து மெத்துன்னு இருக்கும். வச்சுட்டோம்னு தோணும். ஆனா வச்சுருக்க மாட்டோம்" என்றான்.

டீச்சர் ஆபரேஷன் முடிந்து டவுன் பஸ்ஸில் வீடு போனாள். மறுநாள் பள்ளிக்கூடம் போனாள். எலும்பு திருகைப் பிடித்துக்கொள்ளச் சில மாதம் விட்டு, மேலே பல் கட்டினார்கள். கட்டிய மறுவாரம் ஒரு பொட்டலம் கைமுறுக்கோடு வந்தாள். வரவேற்பறையில் நின்றுகொண்டு ஒரு முறுக்கை எடுத்து வாயில் போட்டு, தெருவுக்கே கேட்கும்படி கடித்தாள்.

"ஏட்டி கனி, கேட்டியா சத்தத்தை? இந்த வாயில சாம்பார் சாதத்தைத் தவிர ஒண்ணும் போனதில்ல, பாத்துக்கோ!"

அந்தச் சத்தம் மாடிக்கும் கேட்டது. கேட்ட ஆச்சிக்கு அன்றைக்குத் தூக்கம் இருந்திருக்காது. அவள் இளைய மகள் ப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம் நடந்தபோது, களக்காட்டுச் சம்பந்தி ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, ஆச்சி வாய்விட்டுச் சிரித்தாள். கடைவாய்ப் பல்லுக்குப் பதிலாகக் கழற்றி மாட்டுகிற பல்செட் நழுவி இலையில் விழுந்தது. அவியல் பக்கத்தில். பந்தியே பார்க்காததுபோல் தலையைக் குனிந்துகொண்டது. அதற்கப்புறம் ஆச்சி நாலு பேர் முன்னால் சிரித்ததில்லை, சாப்பிட்டதில்லை. வைகாசியில் கல்யாணம். சம்பந்தியம்மாள் எதிரே உட்கார்ந்து வாய் நிறையப் பேசி, வாய் நிறைய உண்ணவேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒன்றுதான்.

"எனக்கும் அந்தத் திருகுப் பல்லை வச்சிருலே" என்றாள் மகனிடம்.

டாக்டருக்கு அதைவிட என்ன வேண்டும்? பெற்ற தாய்க்கே செய்கிறார் என்றால் ஊர் நம்பும். ஐப்பசியில் நல்ல நாள் பார்த்தார்கள். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் பெரிய பல் டாக்டர்களை நேரில் பார்க்க வரச்சொன்னார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவரையும் கூப்பிட்டார்.

ஸ்கேனுக்குப் போன அன்று மழை பிடித்துக்கொண்டது. அம்பாசிடரில் ஆச்சி பின்னால், கனி முன்னால், மடியில் தட்டு இருந்த டப்பா. ஆற்றோர ரோட்டில் போகும்போது தண்ணீர் செம்மண் நிறத்தில் கரையை முட்டிக்கொண்டு ஓடியது. "ஆத்துக்குள்ள இருக்க குறுக்குத்துறை மண்டபம் முங்கிருக்கும்" என்றார் டிரைவர்.

முத்துமாலை கையுறையை மாட்டிக்கொண்டு வந்தான். "வாயைத் திறங்க ஆச்சி."

ஆச்சி திறக்கவில்லை. "உன் பேரு என்ன?"

"முத்துமாலை."

"எந்த ஊரு?"

அவன் சிரித்தான். "ஸ்கேன் எடுக்க ஊர்ப்பேரு வேண்டாம் ஆச்சி."

"வாய்க்குள்ள விரலை விடுததுக்கு வேணும்."

"கையில உறை போட்டுருக்கேன் ஆச்சி, பாருங்க."

"உறைக்குள்ள கை இருக்குல்லா?"

சிரிப்பு அவன் முகத்தில் அப்படியே கிடந்தது. அவன்தான் அதற்குப் பின்னால் இல்லை. கனி ஓரடி முன்னால் வந்தாள். "நான் வச்சு விடட்டுமா ஆச்சி?"

ஆச்சி அவளைத் திரும்பிப் பார்த்தாள். தெக்குத் தெரு முழுவதையும் பார்க்கிற பார்வை. "ஒண்ணும் வேண்டாம். அந்தத் தட்டைக் கழுவிட்டு இங்கன மேசையில வையி. நானே எடுத்து வச்சுக்கிடுதேன்."

வைத்துக்கொண்டாள். முத்துமாலை இரண்டடி தள்ளி நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னான். "இடது பக்கம் பின்னால அழுத்துங்க. இன்னும் பின்னால. இல்ல ஆச்சி, அது முன்னால. கட்டைவிரலால. பைய இல்ல, நல்லா அழுத்துங்க. சத்தம் வந்துச்சா?"

ஆச்சிக்கு வாந்தி வருவதுபோல் கண் கலங்கியது. விரலை எடுத்துவிட்டாள். "சரியாத்தான் இருக்கு. படத்தை எடு."

வெளியே ஸ்ட்ரெச்சரில் லாரி மோதின கேஸ் ஒன்று காத்துக் கிடந்தது. முத்துமாலை படத்தை எடுத்தான். கனி கிளம்பும்போது தணிந்த குரலில், "சத்தம் வரலை தங்கச்சி. டாக்டர்ட்ட சொல்லிரு" என்றான்.

சொல்லத்தான் போனாள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் குடையோடு வந்து அம்மாவைக் கைபிடித்து இறக்கினார். "எல்லாம் ஒழுங்கா நடந்துச்சா?" என்று அவர் கேட்ட கேள்வி பொதுவாக விழுந்தது. ஆச்சி முந்திக்கொண்டாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு." கனி வாயை மூடிக்கொண்டாள். நீயே சொல்லிக்கொண்டாய் அல்லவா, இரு என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டது. அது அவள் குரல்தான்.

அன்றைக்கே டாக்டர் திரையில் திருகை இறக்கினார். எலும்பு பளிச்சென்று தெரியும்படி நிறத்தை வைத்திருந்தாள் கனி. அப்படி வைத்தால் தட்டும் ஈறும் மங்கி ஒன்றாகிவிடும். சிவப்பு நரம்புக்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் இடம் விட்டு நின்றது திருகு. "அருமை" என்றார் டாக்டர். தட்டு துளையிடப் போயிற்று. அவர் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் சென்னைக்குக் கிளம்பினார், விருந்தாளிகளை உடனிருந்து கூட்டிக்கொண்டு வர.

மறுநாள் மழைக்கு நோயாளிகள் யாரும் இல்லை. கனி சும்மா உட்கார்ந்து ஆச்சியின் தாடையைத் திறந்து நிறத்தை மாற்றிப் பார்த்தாள். எலும்பு மங்கியது. ஈறு எழுந்து வந்தது. தட்டும் வந்தது. இரண்டுக்கும் நடுவே, குங்குமப் பொட்டுக்கு நேர் கீழே, ஒரு கறுப்புக் கீற்று. காற்று. முன்னால் நூல் மாதிரி தொடங்கி, பின்னால் போகப் போக விரிந்திருந்தது. திருகு இறங்குகிற இடத்தில் அளந்தாள். மூன்று மில்லிமீட்டர்.

தட்டு அன்றைக்கு அவ்வளவு உயரத்தில் நின்றிருக்கிறது. ஆபரேஷன் அன்று டாக்டர் தன் கட்டைவிரலால் அழுத்துவார், தட்டு டக்கென்று இறங்கும். தட்டு இறங்கினால் குழல் இறங்கும். குழல் இறங்கினால் ஊசி இறங்கும். விட்டிருக்கிற இடமோ இரண்டு.

டெலிபோன் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. ஹோட்டல் நம்பரை டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். எடுத்தாள். சுழற்றவில்லை. வைத்துவிட்டாள். மாடியிலிருந்து அன்னத்தாய் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பிளாஸ்டிக் கப். சூட்டில் அதன் விளிம்பு நெளிந்திருந்தது.

அன்றும் அவள் போன் செய்யவில்லை. அடுத்த நாளும் செய்யவில்லை. மறந்துபோனாள் என்றோ பயந்தாள் என்றோ சொன்னால் பொய். அந்த மூன்று மில்லிமீட்டரை அவள் நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு திரிந்தாள். மாடிப்படியில் ஆச்சியின் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ ஒன்று குளுகுளுவென்று இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லையே, தொடாதே என்றாள், தொடவில்லை, அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ராத்திரி ஹாஸ்டலில் சோற்றுத் தட்டை அப்படியே திருப்பி வைத்தாள்.

ஆபரேஷன் நாள் காலையில் ஆற்றுத் தண்ணீர் ரோட்டோரம் வரை வந்துவிட்டது என்று பேச்சு. விருந்தாளிகள் வந்தாயிற்று. முன்ஹாலில் பெரிய டி.வி. வைத்து, உள்ளே நடப்பது அதில் தெரிய ஏற்பாடு. ஆச்சி பட்டு உடுத்தி, தலையில் பிச்சிப்பூவோடு மாடியிலிருந்து இறங்கினாள். கடைசிப் படியில் நின்றுவிட்டாள். கைப்பிடியை விடவில்லை. சுற்றிலும் யாரும் இல்லை, கனியைத் தவிர.

"ஏட்டி," என்றாள் சின்னக் குரலில், "வலிக்குமா?"

பல் பிடுங்க வருகிற எல்லாரும் கேட்கிற அதே கேள்வி. பட்டுக்கும் பிச்சிப்பூவுக்கும் உள்ளே பயந்துபோன ஒரு பொம்பளை. கனி நேரே ஆபரேஷன் அறைக்குப் போனாள். அங்கே டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார், பக்கத்திலேயே விருந்தாளிகள். ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை. அதற்குள் ஆச்சியும் வந்து நாற்காலியில் சாய்ந்தாள். டாக்டர் தட்டை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினார்.

டக்.

"பாத்தீங்களா, என்ன அழகா உக்காருது!" என்றார் விருந்தாளிகளைப் பார்த்து.

"அதான் சார் பயமே" என்றாள் கனி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"ஸ்கேன் அன்னைக்குத் தட்டு இப்படி உக்காரலை சார். பின்னால மூணு மில்லிமீட்டர் தூக்கிட்டு நின்னுருக்கு. படத்துல நிறத்தை மாத்திப் பாத்தா கறுப்பாத் தெரியுது. அந்த உயரத்தை வச்சுத்தான் நாம கணக்குப் போட்டுருக்கோம். இப்போ ஊசி விட்டா நரம்புல போயி நிக்கும்."

டாக்டர் குமரகுருபரன் முட்டாள் அல்ல. அவள் சொன்னது அவருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அவர் கண் சொன்னது. "ஏன் உக்காரலை? முத்துமாலைதான் எப்பவும் அழுத்தி வைப்பானே?"

"அவர் வைக்கலை சார்."

"ஏன்?"

பத்திரிகைக்காரர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஆச்சி அவரைத் தொட விடலை. என்னையும் விடலை. அவங்களே வச்சுக்கிட்டாங்க."

சென்னையிலிருந்து வந்த பெரிய டாக்டர் தரையைப் பார்த்தார். டாக்டரின் முகம் சிவந்தது. அம்மாவின் வாயிலிருந்து தட்டை எடுத்துவிட்டுக் குனிந்து கேட்டார். "அம்மா. அப்படியா?"

ஆச்சி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள். பிறகு, "இது என்ன கூத்து?" என்றாள். "அந்தத் தம்பிதான் உள்ள கையை விட்டு நல்லா அழுத்தி வச்சான். நான் என்ன அந்தக் காலத்து மனுஷியா, தொடாதேங்கறதுக்கு? எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"சார், ஆட்டோல போனா ஒரு மணி நேரத்துல வந்துரலாம்" என்றாள் கனி. "இன்னொரு தடவை படம் எடுத்துப் பாத்துருவோம். அப்புறம் நான் சொன்னது தப்புன்னா என்னை வேலையை விட்டு அனுப்பிருங்க."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ராகுகாலம். ஹாலில் டி.வி.க்கு முன்னால் ஆட்கள். மறுபடி படம் எடுக்கப் போனால் அம்மா சொன்னது பொய் என்று அத்தனை பேர் முன்னால் அவரே சொன்னமாதிரி. கனி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல்லுக்கு ஏது சாதி என்ற மனுஷன் அந்த முகத்துக்குள் எங்கேயாவது இருக்கிறாரா என்று தேடினாள்.

"நீ கொஞ்சம் வெளிய இரு கனி" என்றார் மெதுவாக. விருந்தாளிகளிடம் திரும்பி, "சின்னப் பிள்ளை. முதல்தடவை இத்தனை பேரைப் பாத்ததுல பதட்டம்" என்று சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். அப்படிச் சிரிக்கக் கிடைத்ததே பெரிசு என்கிற சிரிப்பு.

கனி கதவுக்கு வெளியே நின்றாள். ஊசி சுற்றுகிற சத்தம் கேட்டது. சீராக, கொசு பாடுவதுபோல. பிறகு ஆச்சியிடமிருந்து ஒரு சத்தம். அலறல் இல்லை, வார்த்தை இல்லை. மின்சாரத்தில் கை வைத்தவர்களிடமிருந்து வருமே, அது. ஊசி நின்றது. ஒரு மூச்சு. மறுபடி சுற்றியது.

கொஞ்ச நேரத்தில் ஹாலில் கைதட்டினார்கள். கிழிசல் இல்லை. தையல் இல்லை. ரத்தம் ஒரு பஞ்சுக்குக் காணாது. பத்திரிகையில் படத்தோடு வந்தது.

"மரப்பு ஊசி போட்டதுதான். சாயங்காலத்துக்குள்ள இறங்கிரும்மா" என்றார் டாக்டர். சாயங்காலம் இறங்கவில்லை. மறுநாள் காலையிலும் இறங்கவில்லை. இரண்டாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு திருகைக் கழற்றி எடுத்தார். ஊசிமுனையால் அம்மாவின் உதட்டில் குத்திக் குத்தி, "இங்க? இங்க தெரியுதா?" என்று கேட்டார். ஆச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று தலையை ஆட்டினாள். இடது பாதி உதடும் முகவாயும் போயிற்று. பார்க்க எப்போதும்போலத்தான் இருந்தது. அதுதான் பயங்கரம்.

அன்றைக்கு டாக்டர் கனியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நிறத்தை மாத்து." மாற்றினாள். கறுப்புக் கீற்று தெரிந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"இதை எப்போ பாத்த?"

"நீங்க சென்னைக்குப் போன மறுநாள்."

"போன் பண்ணலியே."

"பண்ணலை. கோவம்" என்றாள். "ரெண்டு நாள் சும்மா இருந்தேன் சார். அது என் தப்பு. ஆனா நேர்ல சொன்னேன். நீங்க கேக்கலை. அது யாரு தப்பு?"

அவர் எழுந்து போய்விட்டார்.

யார் தப்பு என்பது அடுத்த வாரம் தெரிந்தது. அந்தத் தம்பிதான் அழுத்தி வைத்தான் என்று ஆச்சி ஊர் அறியச் சொல்லியாயிற்று. அப்படியானால் சரியாக வைக்காதவனும் அவன்தானே? சொந்தக்காரர்கள் ஸ்கேன் சென்டர் முதலாளியிடம் போய்ச் சத்தம் போட்டார்கள். கனி ஓடிப்போய் நடந்ததைச் சொன்னாள். முதலாளி, "அவிய குடும்பத்துக்கு எதிரா நான் என்னம்மா பேச?" என்றார். முத்துமாலையை நிறுத்திவிட்டார்கள். டாக்டருக்கு எல்லாம் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முத்துமாலை தூத்துக்குடிக்கு வேலை தேடிப் போவதற்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் கனியைப் பார்த்தான்.

"தொடாததுக்கு வேலை போச்சு தங்கச்சி" என்றான். "தொட்டிருந்தா என்ன போயிருக்குமோ."

கார்த்திகை பிறந்தும் மழை விடவில்லை. ஒருநாள் சாயங்காலம் அன்னத்தாய் வந்து, "உன்னை ஆச்சி மேல வரச் சொல்லுதாவ" என்றாள். நம்பமுடியாமல் அவளே இரண்டு தடவை சொன்னாள். கனி அந்த மாடிப்படியில் அதுவரை கால் வைத்ததில்லை. களக்காட்டுச் சம்பந்தி வீட்டார் முகூர்த்தப் புடவை பேச வருகிற நாள் அது. அன்னத்தாய் ஜமுக்காளத்தோடு கீழே ஓடினாள்.

ஆச்சி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். பட்டுச் சேலை. கையில் காப்பி டம்ளர். பக்கத்தில் மடித்த துண்டு ஒன்று. எதிரே யாரும் இல்லை.

"உள்ள வா. கதவைச் சாத்து" என்றாள். சொற்கள் இடது பக்கமாகச் சற்று ஒழுகின. "அன்னத்தாய்ட்ட கேட்டா சொல்ல மாட்டுக்கா. பயப்படுதா. ப்ரியா அழுதுருதா. போன வாரம் கோயில்ல நாலு பேரு முன்னால என்னமோ வழிஞ்சிருக்கு, ஒருத்தரும் சொல்லலை. வீட்டுக்கு வந்து சேலையைப் பாத்துத்தான் தெரிஞ்சுது. நீதான் உள்ளதைச் சொல்லுதவ. நான் குடிக்கேன். பாத்துச் சொல்லு."

குடித்தாள். கனி பார்த்தாள். உதட்டின் இடது ஓரத்திலிருந்து காப்பி மெல்லிய கோடாக இறங்கி, முகவாயைச் சுற்றிக் கழுத்துச் சங்கிலியை நோக்கிப் போயிற்று. ஆச்சியின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. முகவாயின் நரைமயிர் நனைகிறது, அவளுக்குத் தெரியவில்லை.

"வழியுதா?"

"வழியுது ஆச்சி."

ஆச்சி கண்ணை மூடித் திறந்தாள். கீழே கார் வந்து நிற்கிற சத்தம். கதவுகள் திறந்து மூடின. "வாங்க, வாங்க" என்று டாக்டரின் குரல்.

"வந்துட்டாவ" என்றாள் ஆச்சி. துண்டை எடுத்து நீட்டினாள். "சீக்கிரம். நீயே துடைச்சு விட்டுரு."

கனி துண்டைப் பார்த்தாள். வாங்கத்தான் கை எழுந்தது. பாதியில் நின்றது. வாசலில் பையோடு நின்ற முத்துமாலை ஞாபகத்துக்கு வந்தான்.

அவள் இரண்டடி பின்னால் போனாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் ஆச்சி. நீங்களே துடைங்க. நான் இங்கன நின்னு சொல்லுதேன்."

ஆச்சி அவளைப் பார்த்தாள். படியில் காலடிகள் ஏறத் தொடங்கின. துண்டை முகத்துக்குக் கொண்டுபோனாள்.

"அது வலது பக்கம் ஆச்சி. இடது பக்கம். இன்னும் கீழ. இல்ல, அது கன்னம்."

துண்டு காய்ந்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தது. காப்பி இறங்கிக்கொண்டிருந்தது.

"இப்போ சரியா இருக்கா?" என்றாள் ஆச்சி.

"இல்ல ஆச்சி" என்றாள் கனி. "இன்னும் கீழ. நல்லா அழுத்துங்க."